பாலிக் ஆகிவிட்டால் போதுமா?

(தூத்துக்குடியில் வணிகர்களும் இளைஞர்களும் கூடியிருந்த ஒரு நிகழ்ச்சியில் ஆற்றிய உரை, வாசகர்களுக்காக எழுத்து வடிவில்.)



உங்களில் நாற்பது, ஐம்பது வயதைக் கடந்தவர்கள் ஒரு நிமிடம் உங்கள் பள்ளிச் சான்றிதழை நினைத்துப் பாருங்கள். அதில் பிறந்த தேதி என்ன போட்டிருக்கிறது? மே மாதமா? ஜூன் மாதமா? பக்கத்தில் இருப்பவரிடமும் கேட்டுப் பாருங்கள். நம்மில் எத்தனையோ பேர் பள்ளிக்கூடம் திறக்கிற நேரம் பார்த்துத்தான் பிறந்திருக்கிறோம்! நம் ஊர் உம்மாமார் எல்லாம் கோடை விடுமுறையிலா பிள்ளை பெற்றார்கள்?

நடந்தது இதுதான். வாப்பா நம் கையைப் பிடித்துப் பள்ளிக்கூடத்தில் கொண்டு போய் நிறுத்துவார். தலைமையாசிரியர் நம்மைப் பார்த்து, "வலது கையைத் தலைக்கு மேலே கொண்டு போய் இடது காதைத் தொடு" என்பார். விரல் காதைத் தொட்டால் ஐந்து வயது. தொடாவிட்டால் அடுத்த வருஷம் வா! தொட்டவனுக்குப் பள்ளி திறக்கும்போது ஐந்து வயது நிறைந்திருக்கிற மாதிரி ஒரு தேதியை அவரே எழுதிக் கொள்வார். வாப்பாவிடம் கேட்டால் "தனுஷ்கோடி அழிந்த புயலுக்கு மறு வருஷம்" என்பார். அல்லது "பெரியவனுக்கு சுன்னத் செய்த வருஷம்" என்பார். அதற்கு மேல் அவருக்குத் தேவைப்படவில்லை.

சிரிக்கத்தான் தோன்றும். ஆனால் சகோதரர்களே, வயது என்பது நம்மிடம் பள்ளிக்கூடம் கேட்ட கேள்வி. அதற்கு முன்னால் பிள்ளைக்கு என்ன வயது என்று யாரும் கேட்கவில்லை. என்ன வேலை செய்வான் என்றுதான் கேட்டார்கள்.

இதை நான் இங்கே எடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன்னால் ஒரு ரமளான் கடைசிப் பத்தில் நம்மவர் ஒருவருடைய ஜவுளிக் கடைக்குப் போயிருந்தேன். ஊரும் வேண்டாம், கடைப் பெயரும் வேண்டாம். இரவு பன்னிரண்டு மணி இருக்கும். பெருநாள் கூட்டம். ஒரு பையன் விரித்த துணிகளை மடித்து அடுக்கிக் கொண்டே இருந்தான். மடித்து முடிப்பதற்குள் அடுத்த கட்டை விரித்துப் போடுகிறார்கள். கண் சொருகுகிறது. "தம்பி, என்ன படிக்கிறே?" என்றேன். "ஒன்பதாவதோட நிறுத்தியாச்சு ஹஜ்ரத்" என்றான்.

கடை முதலாளியிடம் மெதுவாகச் சொன்னேன், "காக்கா, பிள்ளையைப் படிக்க அனுப்பலாமே!" அவர் சிரித்துக் கொண்டே கேட்டார், "அவன் பாலிக் ஆயிட்டான் ஹஜ்ரத். தொழுகை, நோன்பு எல்லாம் கடமையாயிட்டுது. உழைச்சு உம்மாவுக்குச் சோறு போடுறது மட்டும் கூடாதா?" அவருடைய சொந்த மகனுக்கும் ஏறக்குறைய அதே வயது. அவன் அந்நேரம் வீட்டில் தூங்கிக் கொண்டிருந்தான். ஆங்கிலப் பள்ளியில் படிக்கிறான்.

எனக்கு அன்று பதில் வரவில்லை. ஓதிப் பட்டம் வாங்கிய எனக்கு வாய் அடைத்துப் போய்விட்டது. இன்று இங்கே பேசுவது அந்தக் காக்காவுக்குச் சொல்லாமல் விட்ட பதில்தான்.

கயிறு பிடித்தவர்கள்

நம் கரையின் பழைய வாழ்க்கையை நான் குறை சொல்ல வரவில்லை. முத்துக் குளிப்பை எடுத்துக் கொள்ளுங்கள். காலில் கல்லைக் கட்டிக் கொண்டு ஒருவர் கடலுக்குள் இறங்குகிறார். மேலே தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்துக் கொண்டிருக்கிறார். கீழே இருப்பவர் கயிற்றை அசைத்த மாத்திரத்தில் மேலே இருப்பவர் இழுக்க வேண்டும். ஒரு நொடி கவனம் தப்பினால் உயிர் போய்விடும். அங்கே வயதைக் கேட்டு என்ன பயன்? நிதானம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. தூத்துக்குடியில் பெரிய அளவில் முத்துக் குளிப்பு நடந்தது 1961-ஆம் ஆண்டோடு முடிந்துவிட்டது. ஆனால் அந்தக் கண்ணால் பிள்ளைகளைப் பார்க்கிற பழக்கம் நம்மிடம் முடியவில்லை.

காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் மீசை அரும்பும் முன்பே கொழும்புக்கும் ரங்கூனுக்கும் கப்பலேறியவர்கள் எத்தனை பேர்! போன இடத்தில் கடையே பள்ளிக்கூடம். முதலாளி சொந்தக்காரர் அல்லது சொந்த ஊர்க்காரர். கடையிலேயே படுக்கை. கல்லாவில் உட்காரும் முன்னால் சில வருடம் தராசு, சில வருடம் பேரேடு. சிங்களமும் பர்மிய மொழியும் வாடிக்கையாளர் வாயிலிருந்தே கற்றார்கள். பத்து வருடத்தில் பையன் பங்காளியாகி விடுவான். சிறுவனைச் சிறிய ஆளாக வைத்து, பெரிய ஆளாக்கி விட்ட ஏற்பாடு அது. அதற்கு ஒரு நியாயம் இருந்தது.

படிப்பும் அப்படித்தான். நம் வீடுகளில் இருந்த அரபுத் தமிழ் ஏடுகளைப் பாருங்கள். 1816-ல் காயல்பட்டினத்தில் பிறந்து, கீழக்கரையில் அரூஸிய்யா மதரஸாவை நடத்திய மாப்பிள்ளை லெப்பை ஆலிம் போன்ற பெரியவர்கள் அரபு எழுத்தில் தமிழை எழுதி நம் பெண்களின் கையில் மார்க்கத்தைக் கொடுத்தார்கள். உம்மம்மா ராகத்தோடு படிப்பார். மருமகள் கேட்பாள். பேரனும் மடியில் கிடந்து அதையேதான் கேட்பான். பாட்டிக்கு ஒரு கிதாபு, பேரனுக்கு ஒரு கிதாபு என்று கிடையாது.

தமிழில் பிள்ளைத்தமிழ் என்று ஒரு வகை இலக்கியம் உண்டு. நம் புலவர்களும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும் இறைநேசர்கள் மீதும் பாடியிருக்கிறார்கள். அது எந்த வயதில் முடிகிறது தெரியுமா? பத்துப் பருவம். கடைசிப் பருவத்தில் ஆண் பிள்ளை சிறுதேர் உருட்டுகிறான். அதற்கு இலக்கணம் சொல்லும் கணக்கு 21-ஆம் மாதம்! இரண்டு வயதுகூட நிறையவில்லை. மடியில் கிடக்கும் குழந்தைக்குப் பத்துப் பருவம் வகுத்தவர்கள், எட்டு வயதுப் பையனுக்கு ஒரு பருவமும் வகுக்கவில்லை. அதுவும் பிள்ளையைப் பற்றிப் பெரியவர்கள் பாடியதுதான். பிள்ளை தானாக எடுத்துப் படிப்பதற்கு எழுதியது அல்ல.

பிள்ளையைப் பார்த்து நேராகப் பேசுகிற எழுத்து பிறகுதான் பரவியது. நம் மாவட்டத்து எட்டயபுரத்தில் பிறந்த பாரதி பாப்பாவுக்கென்றே ஒரு பாட்டு எழுதினார். அதே ஊரில்தான் சீறாப்புராணம் தந்த உமறுப்புலவர் அடங்கியிருக்கிறார். பின்னால் அழ. வள்ளியப்பா வந்தார். 1947-ல் அம்புலிமாமா வந்தது. 1972-ல் பக்கத்து சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வந்தது. பிள்ளைக்கென்று தனிப் பாட்டு, தனிப் புத்தகம், தனி வகுப்பு! ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று படி கட்டி, ஒவ்வொரு வயதையும் ஒவ்வொரு படியில் நிறுத்தியது பள்ளிக்கூடம். எட்டு வயதும் பன்னிரண்டு வயதும் வேறு வேறு என்று நாம் கண்டு கொண்டது அங்கேதான்.

தலையணைக்கு அடியில்

என் கதையையும் சொல்லி விடுகிறேன். எனக்கு அப்போது 12 வயது. ஒரு மதரஸாவில் தங்கி ஓதிக் கொண்டிருந்தேன். தலையணைக்கு அடியில் ஒரு காமிக்ஸ் புத்தகம். இரும்புக்கை மாயாவி! அட்டையே இல்லாத பழைய புத்தகம். ஒரு நாள் உஸ்தாத் கையில் சிக்கிவிட்டது. அதைக் கிழித்து, சமையற்கட்டில் சோறு வெந்து கொண்டிருந்த அடுப்பில் போட்டார். எனக்கு விழுந்த அடி ஒரு வாரம் வலித்தது. ஆனால் புத்தகம் எரிந்ததுதான் இன்றைக்கும் வலிக்கிறது.

அந்த உஸ்தாதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவர் கற்றுத் தந்த இலக்கணத்தில்தான் நான் இன்று கிதாபு திறக்கிறேன். அவருக்காக துஆ செய்கிறேன். ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். தட்டுத் தடுமாறாமல் தமிழ் படிக்கும் பழக்கம் எனக்கு அந்த அட்டையில்லாப் புத்தகங்களால்தான் வந்தது. அது இல்லாவிட்டால் இந்தப் பத்திரிகையில் நான் உங்களோடு பேச முடியாது.

அவர் நினைத்தது, பன்னிரண்டு வயதில் விளையாட்டு என்ன, கதை என்ன என்று. அது மார்க்கம் சொல்லித் தந்த நினைப்பா? இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் பிள்ளை வளர்ப்பைப் பற்றி எழுதும்போது, ஓதி விட்டு வருகிற பிள்ளையைக் களைப்புத் தீர விளையாட விட வேண்டும், விளையாட்டைத் தடுத்து ஓயாமல் படிக்கச் சொன்னால் உள்ளம் செத்துப் போகும், தப்பிக்க வழி தேடுவான் என்ற கருத்தைச் சொல்கிறார்கள். அறுநூறு வருடங்களுக்கு முன்னால் இப்னு கல்தூன் முகத்திமாவில், பிள்ளைகளைக் கடுமையாக நடத்தினால் அவர்கள் பொய்யும் ஏமாற்றும்தான் கற்றுக் கொள்வார்கள் என்று எழுதியிருக்கிறார்கள். நம் கிதாபுகளில் இருப்பதை நம் மதரஸாக்களில்தான் காணோம்! ஒன்பது வயதுப் பிள்ளையை உம்மாவிடமிருந்து பிரித்துத் தொலைதூரத்தில் விடுகிறோமே, அவன் இரவில் அழுகிறானா என்று கேட்கிறோமா? நான் என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பிரான்ஸ் நாட்டில் பிலிப் ஆரியெஸ் என்ற வரலாற்றாசிரியர் 1960-ல் ஒரு புத்தகம் எழுதினார். ஐரோப்பாவில் பழைய காலத்தில் குழந்தைப் பருவம் என்ற எண்ணமே இல்லை, பள்ளிக்கூடமும் குடும்பமும் மாறிய பிறகுதான் அது வளர்ந்தது என்பது அவர் வாதம். அமெரிக்காவில் நீல் போஸ்ட்மன் என்பவர் 1982-ல் இன்னும் ஒரு படி போனார். அச்சுப் புத்தகம் வந்ததும் படிக்கத் தெரிந்தவன் பெரியவன், தெரியாதவன் சிறுவன் என்று ஆகிப் போனது, டெலிவிஷன் வந்து அந்தச் சுவரை இடிக்கிறது என்றார். கையில் செல்போன் வைத்திருக்கும் நம் பிள்ளைகளைப் பார்த்தால் போஸ்ட்மன் சொன்னதில் பாதியையாவது ஒப்புக் கொள்ள வேண்டியிருக்கிறது.

ஆனால் ஆரியெஸ் சொன்னதை அப்படியே நம் மீது போர்த்திக் கொள்ள முடியாது. அபூ உமைர் என்ற சின்னஞ்சிறு பிள்ளை வளர்த்த குருவி செத்துப் போனது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அந்தப் பிள்ளையிடம் அவன் குருவியைப் பற்றி விசாரித்தார்கள். புகாரியில் வருகிற செய்தி. ஒரு குருவிக்காகத் துக்கப்படுவதற்குப் பிள்ளைக்கு உரிமை உண்டு என்று காட்டிய சமுதாயத்துக்குக் குழந்தைப் பருவம் தெரியாதா? பால்குடிப் பருவத்துக்கு இரண்டு வருடம், தொழச் சொல்லிப் பழக்குவதற்கு ஏழு வயது, அதற்குப் பிறகு பருவமடைதல் என்று படிப்படியாகச் சொல்லப்பட்ட மார்க்கம் இது.

பாலிக் வேறு, ருஷ்து வேறு

இங்கேதான் அந்தக் காக்காவுக்குப் பதில் இருக்கிறது.

பாலிக் ஆனால் தொழுகையும் நோன்பும் கடமை. உண்மை. ஆனால் சூரத்துந் நிஸாவின் ஆறாவது வசனத்தை எடுத்துப் பாருங்கள். அநாதைகளின் சொத்தை எப்போது அவர்கள் கையில் கொடுப்பது? திருமண வயதை அடைந்ததும் உடனே தூக்கிக் கொடுத்து விடச் சொல்லவில்லை. சோதித்துப் பார்க்கச் சொல்கிறது. அவர்களிடம் ருஷ்து, அதாவது காரியத்தை நிர்வகிக்கும் விவேகம் தெரிந்தால்தான் கொடுக்க வேண்டும். உடம்பு வளர்ந்தது ஒன்று. விவேகம் வளர்ந்தது வேறொன்று. விவேகம் வராவிட்டால் 25 வயது வரை சொத்தைக் கையில் கொடுக்காமல் வைத்திருக்கலாம் என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்து. ஷாஃபிஈ மத்ஹபில் விவேகம் வரும் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

வியாபாரிகளே, உங்களுக்குத் தெரியாததா? பாலிக் ஆகிவிட்டான் என்பதற்காக உங்கள் மகனிடம் கல்லாச் சாவியையும் செக் புத்தகத்தையும் கொடுப்பீர்களா? கொடுக்க மாட்டீர்கள். "இன்னும் விவரம் பத்தாது" என்பீர்கள். சொந்த மகனுக்கு ருஷ்து பார்க்கிறீர்கள். அடுத்தவர் மகனுக்கு பாலிக் மட்டும் போதும் என்கிறீர்கள். இது எந்தத் தராசு?

இப்னு உமர் (ரலி) அவர்கள் தாமே அறிவிக்கிறார்கள். உஹதுப் போருக்குப் போக முன்வந்தபோது அவர்களுக்கு 14 வயது. அண்ணலார் (ஸல்) அனுமதிக்கவில்லை. அகழ்ப் போரின்போது 15 வயது. அனுமதித்தார்கள். உஹதுக் களத்தில் ஆள் பற்றாக்குறை எவ்வளவு என்பது உங்களுக்குத் தெரியும். நயவஞ்சகர்கள் பாதி வழியில் திரும்பிப் போன நேரம் அது. அந்த நெருக்கடியிலும் 14 வயதுப் பிள்ளை வேண்டாம் என்று சொன்னார்கள். நமக்கு என்ன நெருக்கடி? பெருநாள் ஜவுளி வியாபாரமா?

அந்தக் காலத்தில் ருஷ்து கடையிலும் கப்பலிலும் கிடைத்தது. இன்று வரி கட்டுகிற விவரம், வங்கிக் கணக்கு, ஒப்பந்தம், சரக்கு ஏற்றுமதித் தாள்கள் எல்லாமே எழுத்தில் இருக்கின்றன. துணி மடிப்பவனுக்கு அதையெல்லாம் யார் கற்றுக் கொடுக்கிறார்கள்? பத்து வருடம் மடித்தாலும் அவன் மடிப்பவனாகவே இருக்கிறான். நரை விழுந்த பிறகும் அவனுக்குப் பெயர் "கடைப் பையன்"தான். குழந்தையாக இருக்க வேண்டியவனை ஆளாக்கினோம். ஆளானவனை இன்றைக்கும் பையன் என்கிறோம்.

இதை நம்மவர்கள் புரிந்து கொள்ளாமல் இல்லை. நம் கரைக்கு எதிர்க் கரையில், கண்டியில் 1838-ல் பிறந்தார் சித்திலெப்பை. 1882-ல் முஸ்லிம் நேசன் பத்திரிகையைத் தொடங்கினார். 1884-ல் கொழும்பில் முஸ்லிம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்தார். எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்டு இலங்கையில் இருந்த ஒராபி பாஷா போன்றவர்கள் துணை நின்ற முயற்சிதான் 1892-ல் இன்றைய ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்தது. கடையை நம்பி வாழ்ந்த சமுதாயத்துக்கு நடுவில், பிள்ளையைக் கொஞ்ச வருடம் கடைக்கு வெளியே வையுங்கள் என்று சொன்ன மனிதர் அவர்.

நம் மாவட்டத்தையும் பக்கத்து மாவட்டத்தையும் பாருங்கள். கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் விடியும் முன்பே பஸ் வந்து கிராமத்துக் குழந்தைகளைத் தீப்பெட்டிக் கம்பெனிக்கு ஏற்றிச் சென்ற காலம் ஒன்று இருந்தது. "குட்டி ஜப்பானின் குழந்தைகள்" என்று 1990-ல் ஒரு ஆவணப்படமே வந்தது. 1996-ல் உச்சநீதிமன்றம், பிள்ளைகளை ஆபத்தான வேலையில் வைத்தவர் ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்தக் குழந்தைகளைப் பள்ளிக்கு இழுத்தது சட்டம் மட்டுமல்ல, சோறும்தான். 1956-ல் காமராஜர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தது அதே எட்டயபுரத்தில். பசித்த பிள்ளையிடம் குழந்தைப் பருவத்தைப் பற்றிப் பேசிப் பயனில்லை என்று பள்ளிப் படிப்பை முடிக்காத அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது!

இன்றைய சட்டத்தையும் சொல்லி விடுகிறேன். 2016-ல் திருத்தப்பட்ட சட்டப்படி 14 வயதுக்குக் குறைந்த பிள்ளையைக் கடையில் வேலைக்கு வைப்பது குற்றம். ஆறு மாதம் முதல் இரண்டு வருடம் வரை சிறை, 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம். சொந்தக் குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக உதவலாம் என்று ஒரு விலக்கு உண்டு. அதை வைத்துக் கொண்டு ஊர்ப் பிள்ளையை எல்லாம் "என் மருமகன்" என்று காட்டாதீர்கள். 14 முடிந்தால் அபாயமில்லாத வேலைக்குச் சட்டம் வழி விடுகிறது. நான் பார்த்த பையனும் அந்த வயதுதான். சட்டம் பிடிக்காத இடத்தில்தான் நம் மனசாட்சிக்கு வேலை.

பெரியவளாகி விட்டாள்

பெண் பிள்ளைகள் விஷயத்தில் கதை திரும்பி நிற்கிறது. பெரியவளானதும் பள்ளியை நிறுத்துவது நம் ஊர்களில் வழக்கமாக இருந்தது. படிக்கக் கற்றுக் கொடுத்தவர்களே எழுதக் கற்றுக் கொடுக்கத் தயங்கினார்கள். பிறகு 1988-ல் கீழக்கரையில் தாஸிம் பீவி பெண்கள் கல்லூரி வந்தது. 2006-ல் காயல்பட்டினத்தில் வாவு வஜீஹா வனிதையர் கல்லூரி வந்தது. எந்தப் பிள்ளைகளைப் பருவமடைந்ததும் நிறுத்தினோமோ அவர்கள் இன்று பட்டம் வாங்குகிறார்கள். நான் நிகாஹ் ஓதப் போகும் இடங்களில் பார்க்கிறேன். மணமகள் பட்டதாரி. மணமகன் பத்தாவதைத் தாண்டவில்லை. லாத்தா படிக்கிறாள், தம்பி துபாய்க்குப் போகிறான். பெண்ணுக்குக் குழந்தைப் பருவத்தை நீட்டிக் கொடுத்த நாம், பையனிடமிருந்து பிடுங்கிக் கொண்டிருக்கிறோம்.

2006-ல் வந்த சச்சார் குழு அறிக்கை, நாடு முழுவதும் 6 முதல் 14 வயதுக்குட்பட்ட முஸ்லிம் பிள்ளைகளில் 25 விழுக்காட்டினர் பள்ளிக்கே போகாதவர்கள் அல்லது இடையில் நின்றவர்கள் என்று சொன்னது. நாம் அரசாங்கத்தைக் கேட்டோம். மேடை போட்டோம். கேட்டது சரிதான். ஆனால் அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேர் நம் கடைகளில் நின்று கொண்டிருந்தார்கள் என்று எந்த மேடையிலும் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

"அவன் வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. அதற்குத்தான் ஜகாத் இருக்கிறது. பெருநாளைக்கு ஆளுக்கு நூறு இருநூறாகப் பிரித்து வீசுவதைச் சேர்த்து, ஒரு கடைக்கு ஒரு பையன் என்று எடுத்துப் பன்னிரண்டாம் வகுப்பு வரை அவன் வீட்டுச் செலவைத் தாங்கினால், அந்த உம்மா அவனைக் கடைக்கு அனுப்ப மாட்டார். ஏற்கனவே வேலையில் இருக்கும் பையன்களை நீக்கி விடாதீர்கள். அது இரட்டைக் கொடுமை. மாலையில் இரண்டு மணி நேரம் விடுங்கள். சம்பளத்தைப் பிடிக்காதீர்கள்.

அன்றிரவு நான் கடையை விட்டுக் கிளம்பும்போது அந்தப் பையன் வாசல் வரை வந்தான். "ஹஜ்ரத், பத்தாவது பரீட்சையைத் தனியா எழுதலாமாமே, எங்கே போய் மனு கொடுக்கணும்?" என்றான். எனக்குத் தெரியவில்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். பெருநாள் கழித்துப் போனபோது அவன் அங்கே இல்லை.

இப்போது தெரிந்து வைத்திருக்கிறேன். அரசுத் தேர்வுகள் துறை, தனித்தேர்வர்களுக்காக ஒவ்வொரு மாவட்டத்திலும் சேவை மையங்களை அறிவிக்கிறது. மனு அங்கேதான் கொடுக்க வேண்டும். பத்தாம் வகுப்புக்கு அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முதலிலேயே பெயர் பதிந்து கொள்ள வேண்டும். பலர் இதைத் தவற விட்டுத்தான் ஒரு வருடத்தை இழக்கிறார்கள். எட்டாவது, ஒன்பதாவதில் நின்றவர்கள் மாற்றுச் சான்றிதழையும் ஆதாரையும் எடுத்துக் கொண்டு வாருங்கள். கடை சாத்துகிற நேரம் எனக்குத் தெரியும். இஷாவுக்குப் பிறகு எவ்வளவு நேரமானாலும் பள்ளிவாசல் வராந்தாவில் உட்கார்ந்திருப்பேன். முதலாளிமாரும் கூட வரலாம்.